மாடியில ஏசி, ரெண்டு குடும்பத்துக்கும் ஒரே மீட்டர்: பில்லை எப்படிப் பிரிக்கிறது?

உறையூர் மருமகள்

எல்லாருக்கும் வணக்கம். திருச்சி உறையூர் நாங்க. கணக்குத் தெரிஞ்சவங்க யாராவது எங்க வீட்டுச் சண்டையைத் தீர்த்து வைங்க.

கீழ்வீட்டுல நான், எங்க வீட்டுக்காரர், பையன், அத்தை. மாடியில கொழுந்தனாரும் ஓரகத்தியும். அவங்களுக்குத் தனி அடுப்படி, வெளிப்பக்கமா தனி மாடிப்படி. ஆனா மீட்டர் ஒண்ணே ஒண்ணுதான், மாமா வீடு கட்டினப்ப வாங்கினது. இதுவரைக்கும் வர்ற பில்லை ரெண்டாப் பிரிச்சுக் கட்டிக்கிட்டு இருந்தோம். பிப்ரவரி, மார்ச் பில் 380 யூனிட், 1,081 ரூபாய். ஆளுக்கு 540 சொச்சம். ஒருத்தருக்கும் ஒரு பேச்சும் இல்ல.

ஏப்ரல் முதல் வாரம் மாடிப் படுக்கையறையில ஏசி மாட்டினாங்க. ஒன்றரை டன், 3 ஸ்டார், இன்வெர்ட்டர் ஏசி. ராத்திரி 10 மணிக்குப் போட்டா விடிகாலை 6 மணிக்குத்தான் நிக்கும். அதை நான் குறை சொல்லல, உறையூர் வெயில் எனக்கும் தெரியும். ஆனா ஏப்ரல், மே பில் 640 யூனிட், 3,258 ரூபாய். போன்ல மெசேஜ் வந்தப்ப அடுத்த வீட்டு பில் தப்பா வந்துருச்சுன்னுதான் நினைச்சேன்.

இப்ப ஆளுக்கொரு கணக்கு.

கொழுந்தனார் கணக்கு: "கூடினது 260 யூனிட். யூனிட் 4.70. ஆக ஏசிக்கு 1,222. என் வழக்கமான 540ஐயும் சேர்த்து 1,762 தர்றேன் அண்ணி." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மிச்சம் 1,496 என் தலையில. ஏசிக் காத்து என் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல, எனக்கு ஏன் 540 போய் 1,496 ஆச்சு?

எங்க வீட்டுக்காரர் கணக்கு: "ஒன்றரை டன்னுன்னா மணிக்கு ஒன்றரை யூனிட். எட்டு மணி நேரம், 60 நாள், 720 யூனிட்." மொத்த வீட்டுக்கே 640தானேங்கன்னேன். "அப்ப மீட்டர் மெதுவா ஓடுது"ன்னுட்டு பேப்பரை விரிச்சுட்டார்.

என் கணக்கு: 1,081 இருந்த இடத்துல 3,258. வித்தியாசம் 2,177. முழுக்க ஏசியால வந்தது. அவங்கதான் கட்டணும்.

ஓரகத்தி என்னடான்னா, நான் வாரத்துல ரெண்டு நாள் கிரைண்டர் போடுறதை இழுக்கிறா. "மாவரைக்கிறதுக்கும் கரண்டுதானே அக்கா" அப்படின்னு.

இதுல யார் சொல்றது சரி? ஒரு சாமானுக்கு ஆகுற கரண்ட் காசை எப்படித்தான் போடுறது? பதிலை அப்படியே மாடிக்குக் கொண்டு போய்க் காட்டணும், அதனால கொஞ்சம் மரியாதையா எழுதுங்க.

---

மதுரை நக்கல்

ரொம்ப யோசிக்க வேணாம் அக்கா. 3,258ஐ 640ஆல வகுங்க, யூனிட் 5 ரூபாய் 9 பைசா. 260ஆல பெருக்குங்க, 1,323 சொச்சம். ஏசிக்காரர் அதைக் கொடுக்கட்டும். மிச்சத்தை ரெண்டாப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குங்க. அவங்க ஏசியில, நீங்க ஃபேன்ல.

---

பழைய கணக்கீட்டாளர்

அம்மா, நான் 31 வருடம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவன். வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுத்த காலத்து ஆள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் இருக்கும் வீடுகளில் இந்த வழக்கை நூறு முறை கேட்டிருக்கிறேன். வாசலில் நின்றபடி தீர்ப்புச் சொல்லாமல் நழுவியதும் உண்டு. இப்போது ஓய்வு பெற்றுவிட்டதால் சொல்கிறேன்.

கொழுந்தனார் கணக்கிலும் மதுரைக்காரர் கணக்கிலும் யூனிட்டுக்கு ஒரே விலை என்ற எண்ணம் இருக்கிறது. அப்படி ஒரு விலை நம் ஊரில் கிடையாது. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. உங்கள் பில் போடப்பட்ட, 2024 ஜூலையில் வந்த விகிதத்தைச் சொல்கிறேன், பில்லை எதிரில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் முதல் 100 இலவசம் (இது 2016 மே மாதம் வந்தது). அடுத்த 100க்கு 2.35. 201 முதல் 400 வரை 4.70. 401 முதல் 500 வரை 6.30. உங்கள் 380 யூனிட்டைப் போட்டுப் பாருங்கள்: 235, அதோடு 180 யூனிட் 4.70 வீதம் 846. கூட்டினால் 1,081. பில்லோடு ஒத்துப்போகிறதா?

500ஐத் தாண்டிவிட்டால் அட்டவணையே மாறிவிடும். முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் அந்த 2.35 என்ற சலுகைப் படி காணாமல் போய், 101லிருந்தே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40. 601 முதல் 800 வரை 9.45. 801 முதல் 1,000 வரை 10.50. அதற்கு மேல் 11.55. உங்கள் 640க்கு 1,410, 630, 840, 378. மொத்தம் 3,258. பில்லில் ஒரு பைசா தப்பில்லை, மீட்டரும் மெதுவாக ஓடவில்லை என்று உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள்.

500வது யூனிட்டோடு நிறுத்தினால் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2,048 ரூபாய் 40 பைசா. அந்த ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 பைசா. நான் ரீடிங் எடுத்த காலத்தில் இந்தப் பள்ளம் இன்னும் ஆழம். 2022 செப்டம்பருக்கு முன்பு 500க்கு 1,130, 501க்கு 1,786. பில்லைக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு ஓடத் தோன்றும்.

ஆகவே கொழுந்தனார் 4.70ஆல் பெருக்கியது பொருந்தாது. கூடிய 260 யூனிட்டில் 380 முதல் 400 வரையிலான 20 யூனிட்டுக்குத்தான் அந்த விலை. மிச்சமெல்லாம் 6.30, 8.40, 9.45 படிகளில் ஏறிப் போனது. போகிற போக்கில் உங்கள் பழைய 235 ரூபாய்ச் சலுகையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. 94, 630, 840, 378, 235. கூட்டுங்கள், நீங்கள் சொன்ன அதே 2,177 வரும். 260ஆல் வகுத்தால் கூடிய யூனிட் ஒவ்வொன்றும் சராசரியாக 8 ரூபாய் 37 பைசா.

இதைப் படித்துவிட்டு "நான்தான் சரி" என்று மாடி ஏறிவிடாதீர்கள். கூட்டல் சரி. நியாயம் வேறு கதை.

---

வயர்மேன் தம்பி

ஐயா விலையைச் சொல்லிட்டாரு, நான் யூனிட்டைச் சொல்றேன்.

அக்கா, உங்க வீட்டுக்காரர் சொன்ன டன் கணக்கை முதல்ல தூக்கிப் போடுங்க. டன்னுங்கிறது அறையிலேருந்து எவ்வளவு சூட்டை இழுத்து வெளிய தள்ளும்ங்கிற அளவு. ஒன்றரை டன்னுன்னா சுமார் 5.3 கிலோவாட் சூடு. அதை இழுக்க ஏசி தின்னுற கரண்ட் அதுல மூணுல ஒரு பங்குதான். அதுவும் இன்வெர்ட்டர் ஏசி அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் வேகத்தைக் குறைச்சுக்கும்.

ஏசி மேல ஸ்டார் ஸ்டிக்கர் இருக்கும், ஓரகத்திகிட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. வருஷத்துக்கு இத்தனை யூனிட்டுன்னு போட்டிருக்கும். அது வருஷம் 1,600 மணி நேரம் ஓடினா ஆகுற கணக்கு. அந்த எண்ணை 1,600ஆல வகுத்தா மணிக்கு எத்தனைன்னு தோராயமாத் தெரிஞ்சுரும். ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கர் அப்படி இல்ல, அது 365 நாளும் ஓடுற கணக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

இன்னொரு சங்கதி. கூடின 260ம் ஏசிதான்னு எதை வெச்சுச் சொல்றீங்க? பிப்ரவரியையும் மே மாசத்தையும் ஒப்பிடுறீங்க. வெயில் காலத்துல ஃபேன் பகல்லயும் நிக்காது. பழைய ஃபேன் ஒண்ணு 75 வாட். ஒரு நாளைக்கு 20 மணி நேரம் ஓடினா ஒன்றரை யூனிட், ரெண்டு மாசத்துக்கு 90. ஃப்ரிட்ஜும் வெயில்ல அதிக நேரம் ஓடும். அளந்து பாக்காம ஏசி மேல பழி போடாதீங்க.

அளக்குறதுக்குச் செலவில்லாத வழி உங்க ஈபி மீட்டர்லயே இருக்கு. முகப்புல சின்னதா சிவப்பு விளக்கு சிமிட்டிக்கிட்டே இருக்கும் பாருங்க. பக்கத்துல 3200ன்னோ 1600ன்னோ எழுதியிருக்கும். 3200ன்னா, 3,200 தடவை சிமிட்டினா ஒரு யூனிட். ராத்திரி எல்லாத்தையும் அணைச்சுட்டு ஏசியை மட்டும் ஓட விட்டு, போன்ல ஒரு நிமிஷம் வெச்சுக்கிட்டு எண்ணுங்க. எண்ணிக்கையை 60ஆல பெருக்கி 3,200ஆல வகுத்தா அந்த நேரத்துல எத்தனை கிலோவாட் இழுக்குதுன்னு வந்துரும். எங்க வீட்டு ஏசிக்கு நான் எண்ணியிருக்கேன். போட்டதும் நிமிஷத்துக்கு 85 தடவை, அதாவது 1.6 கிலோவாட். முக்கால் மணி நேரம் கழிச்சுப் போய்ப் பாத்தா 32. அது 0.6தான். நடுராத்திரி மீட்டர் முன்னாடி உக்காந்து எண்ணிக்கிட்டு இருந்ததைப் பாத்து எங்கம்மா வேப்பிலை எடுக்கப் போயிட்டாங்க.

வேகம் ஏறி இறங்குறதால ஏசிக்கு இது மேலோட்டமாத்தான் தெரியும். முழு ராத்திரிக் கணக்கு வேணும்னா ஏசி லைன்ல ஒரு சப் மீட்டர் (அந்த லைன்ல ஓடுற யூனிட்டை மட்டும் காட்டுற சின்ன மீட்டர்) போட்டுருங்க. ஏசிக்குன்னு இருக்கிற எம்சிபி, அதாவது ட்ரிப் ஸ்விட்ச், பக்கத்துலயே உக்காரும். எனக்குத் தெரிஞ்ச கடையில 850 ரூபாய், எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி வேலை. ப்ளக்ல சொருகுற சின்ன மீட்டரும் விக்குது, ஃப்ரிட்ஜ், டிவி, கிரைண்டருக்கு அது போதும். 6 ஆம்ப் தாங்குறதை வாங்கி ஏசியில சொருகிடாதீங்க, உருகிரும்.

கிரைண்டர் விஷயம்: மேசை மேல வைக்கிற 2 லிட்டர் கிரைண்டர் 150 வாட் இருக்கும். 40 நிமிஷம் ஓடினா 0.1 யூனிட். 8.40 படியிலேயே வெச்சாலும் 84 பைசா. அது போடுற சத்தத்துக்கும் தின்னுற கரண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

---

உறையூர் மருமகள்

கிரைண்டர் வரியை மட்டும் படம் எடுத்து மாடிக்கு அனுப்பிட்டேன். நீல டிக் வந்துருச்சு. பதில் இல்ல.

கணக்கீட்டாளர் ஐயாவுக்கு நன்றி. நியாயம் வேற கதைன்னு சொல்லிட்டு நிறுத்திட்டீங்களே, அதையும் சொல்லிருங்க.

---

வாடகைக்காரன்

இடையில ஒரு புலம்பல். சென்னையில நான் இருக்கிற வீட்டுல ஓனர் சப் மீட்டர் போட்டு யூனிட் 9 ரூபாய்னு வாங்குறார். எனக்கு மாசம் 90 யூனிட்தான் ஆகுது. தனி இணைப்பு இருந்தா ரெண்டு மாச 180 யூனிட்டுக்கு 188 ரூபாய். நான் கட்டுறது 1,620. கேட்டா, "நீ ஓட்டுறதாலதான் என் பில் 9 ரூபாய் ஸ்லாபுக்குப் போகுது"ங்கிறார். அவர் வீட்டுல ஏசி மட்டும் மூணு. யாரால யார் ஸ்லாப் ஏறுதுன்னு எனக்கும் யாராவது சொன்னா நல்லாயிருக்கும்.

---

காரைக்குடி ஆச்சி மகன்

பாகம் பிரிக்கிறதுல எங்க ஊர் ஆளுங்களுக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு, நான் சொல்லிப் பாக்கிறேன்.

கடைசியா வந்தவன் மேல உச்சப் படியை ஏத்துறது சுலபம். அண்ணி அதைத்தான் செய்றாங்க: வீடு முதல்ல, ஏசி பின்னாடி, அதனால மேல்படி விலையெல்லாம் ஏசிக்கு. வாடகைத் தம்பி எழுதின ஓனரும் அதையேதான் செய்றார். ஆனா மீட்டருக்கு முன்னபின்ன தெரியாது. ஏசி யூனிட், ஃப்ரிட்ஜ் யூனிட்டுன்னு அதுல எழுதியிருக்கிறதில்ல. ஏசி பத்து வருஷமா இருந்து, போன மாசம் அத்தையும் பையனும் புதுசா வந்து குடியேறியிருந்தா? அப்ப 9.45 படி அத்தை தலையில போயிருக்கும். அத்தை உங்களைச் சும்மா விட்டிருப்பாங்களா?

இப்படிப் பாருங்க. ஏசி மட்டும் தனி மீட்டர்ல ஓடியிருந்தா 260 யூனிட்டுக்கு 517 ரூபாய். வீடு மட்டும் தனியா இருந்திருந்தா 380க்கு 1,081. ரெண்டையும் கூட்டினா 1,598. ஆனா வந்த பில் 3,258. நடுவுல இருக்கிற 1,660 ஏசியோடதும் இல்ல, வீட்டோடதும் இல்ல. ரெண்டும் ஒரே மீட்டர்ல சேர்ந்ததுக்கு விழுந்த தண்டம். சேர்ந்து விழுந்த தண்டத்தைச் சரிபாதியாப் போடுறதுதான் முறை. ஏசிக்கு 517ம் 830ம், ஆக 1,347. வீட்டுக்கு 1,081ம் 830ம், 1,911. வீட்டுக் கணக்கை வழக்கம்போல ரெண்டாப் போட்டா ஆளுக்கு 955 சொச்சம்.

மாடி கட்ட வேண்டியது 2,302 சொச்சம், கீழ்வீடு 955 சொச்சம். கொழுந்தனார் சொன்ன 1,762ம் இல்ல, அண்ணி கேக்குற 2,717ம் (2,177ம் 540ம்) இல்ல. மதுரை நக்கல் நக்கலாச் சொன்ன 1,323 ஏசிப் பங்கு 1,347க்குப் பக்கத்துலதான் இருக்கு, பாத்தீங்களா.

வாடகைத் தம்பிக்கு: இந்தக் கணக்குல உங்க பங்கு 1,620 வராது. ஓனர்கிட்ட காட்டுங்க. அடுத்த வீடு பாத்து வெச்சுக்கிட்டுக் காட்டுங்க.

---

பழைய கணக்கீட்டாளர்

நான் சொல்ல நினைத்ததைக் காரைக்குடிக்காரர் அழகாகச் சொல்லிவிட்டார். ஆனால் தண்டத்தைப் பாதியாகப் பிரித்துக் கட்டுவதை விட, தண்டமே விழாமல் பார்த்துக்கொள்ளலாமே.

மாடிக்குத் தனிச் சமையலறை, தனிப் படிக்கட்டு, தனிக் குடும்பம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தீர்கள். அப்படியானால் மாடிக்கென்று தனி இணைப்புக் கேட்டு விண்ணப்பிக்கலாம். உங்கள் பகுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விசாரியுங்கள். ஒரே குடும்பம் 100 யூனிட் இலவசத்துக்காக இரண்டு மீட்டர் வைத்துக்கொள்வதைத்தான் கேள்வி கேட்பார்கள். உங்களுடையது அப்படி இல்லை.

அதே 640 யூனிட்டை இரண்டு மீட்டரில் போடுங்கள். கீழே 270, மாடி 370 என்று வைத்துக்கொள்வோம். கீழே 564, மாடி 1,034. மொத்தம் 1,598. கீழே 300, மாடி 340 என்றாலும் அதே 1,598தான். இருவரும் 200க்கும் 400க்கும் நடுவில் நிற்கும் வரை எப்படிப் பிரித்தாலும் கூட்டுத்தொகை மாறாது. ஒவ்வொரு வெயில் கால பில்லிலும் 1,660 மிச்சம். பணியில் இருந்தபோது இதை நான்கு வீட்டில் சொல்லியிருக்கிறேன். மூன்று வீட்டில், "அப்புறம் வீட்டைப் பிரிச்சிட்டாங்கன்னு ஊர் சொல்லும்" என்றார்கள். ஊருக்குப் பயந்து அந்த ஆயிரத்து அறுநூறைக் கட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இணைப்பு வருகிற வரைக்கும் 500க்குள் நிற்கப் பாருங்கள். ஏசியை எத்தனையில் வைக்கிறார்கள்? 18ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது வெறும் நம்பிக்கை, கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், அவ்வளவுதான். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது ஸ்டார் ஸ்டிக்கர் கொடுக்கும் மத்திய அரசு அமைப்பான பீஇஇ சொல்லும் கணக்கு. 26ல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓட விடச் சொல்லுங்கள்.

---

உறையூர் மருமகள்

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன். எல்லாத்தையும் அளந்தாச்சு. கொஞ்சம் மானக்கேடான சங்கதியும் இருக்கு, பரவாயில்ல, சொல்லிடுறேன்.

கொழுந்தனாரே சப் மீட்டர் வாங்கிட்டு வந்து மாட்டினார். "அளந்தா நான்தான் ஜெயிப்பேன் அண்ணி"ன்னு சிரிச்சுக்கிட்டே. ஏழு ராத்திரி பாத்தோம். மொத்தம் 31.5 யூனிட், ராத்திரிக்கு 4.5. ஏசி ஸ்டிக்கர்ல வருஷத்துக்கு 965ன்னு போட்டிருந்துச்சு. 1,600ஆல வகுத்தா மணிக்கு 0.6, எட்டு மணி நேரத்துக்கு 4.8. வயர்மேன் தம்பி, உங்க கணக்கு கிட்டத்தட்ட சரி. அளந்தது ஜூன்ல, பில் ஏப்ரல், மேயோடது. அதைத் தெரிஞ்சுதான் எடுத்துக்கிட்டோம், திருச்சியில ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல.

ஏசி மாட்டினதுலேருந்து ரீடிங் எடுத்த நாள் வரைக்கும், ஓரகத்தி அம்மா வீட்டுக்குப் போயிருந்த நாளைக் கழிச்சா, 52 ராத்திரி. 52ஐ 4.5ஆல பெருக்கினா 234.

அப்ப மிச்சம் 26 யூனிட் எங்க போச்சு? ஃபேன்தான்னு நினைச்சு நாலு நாள் ராத்திரி பகலா எல்லா ஃபேனையும் குறிச்சு வெச்சேன். மாடியில ஏசி போட்டதுலேருந்து அந்த அறை ஃபேன் ஒண்ணாம் நம்பர்லதான் சுத்துது, எங்க பக்கம் கூடினதுக்கும் அங்க குறைஞ்சதுக்கும் சரியாப் போச்சு. பையன் சொருகுற மீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்து ஒவ்வொண்ணா வெச்சான். டிவி இல்ல. மிக்ஸி இல்ல. அயர்ன் பாக்ஸ் வாரத்துக்கு ஒரு தடவைதான்.

என் ஃப்ரிட்ஜ். 24 மணி நேரத்துல 2.4 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 144. கடையில புது சிங்கிள் டோர் ஸ்டிக்கரைப் பையன் பாத்துட்டு வந்தான், வருஷத்துக்கே 160ன்னு போட்டிருக்காம். எங்களது அத்தை காலத்து ஃப்ரிட்ஜ், கொஞ்சம் அதிகம் தின்னும்னு தெரியும், இவ்வளவுன்னு தெரியாது. மெக்கானிக் வந்து கதவு இடுக்குல ஒரு பத்து ரூபாய் நோட்டை வெச்சு மூடினார். இழுத்ததும் வழுக்கிக்கிட்டு வந்துருச்சு. கதவு ரப்பர் கீழ்ப்பக்கம் விரலளவுக்குக் கிழிஞ்சு, உள்ள இருக்கிற குளிரெல்லாம் வெளிய போயிட்டு இருந்திருக்கு. நானும் துடைக்கிறப்ப எல்லாம் பாத்திருக்கேன், ரப்பர்தானேன்னு விட்டுட்டேன். மாத்தினப்புறம் அளந்தோம், 1.9க்கு இறங்கிருச்சு. ஒரு நாளைக்கு அரை யூனிட். காணாமப் போன 26 கிட்டத்தட்ட அதுதான்.

இதை மாடியில சொல்லாம இருந்துருவோமான்னு ஒரு ராத்திரி யோசிச்சேன். பையன் மறுநாள் காலையிலேயே போய்ச் சொல்லிட்டான்.

அப்புறம் காரைக்குடி அண்ணன் முறையில திரும்பக் கணக்குப் போட்டோம், சாப்பாட்டு மேசையில, எல்லாரையும் வெச்சுக்கிட்டு. ஏசி 234 தனியா 394.80. வீடு 406 தனியா 1,212.80. கூட்டினா 1,607.60. தண்டம் 1,650.40, பாதி 825.20. ஏசி பங்கு 1,220 ரூபாய். பையன் கால்குலேட்டரைத் தூக்கிக் காட்டினதும் கொழுந்தனார் மேசையைத் தட்டினார். "நான் சொன்னது 1,222! ரெண்டு ரூபாய் கூடத்தான் சொல்லியிருக்கேன்!"

தப்பான கணக்குல சரியான விடை. எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா அதோட விடல. மிச்சம் 2,038ல பாதி 1,019 அவர் பங்கு, அதை 540னு சொல்லிட்டு இருந்தீங்களேன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் விட்டத்தைப் பாத்துட்டு, சரின்னு 2,239 எடுத்து வெச்சார். நான் 1,019. ஃப்ரிட்ஜ் ரப்பர் செலவு என்னோடது.

எங்க வீட்டுக்காரர் மட்டும் இன்னும் மீட்டர் மெதுவா ஓடுதுன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கார்.

தனி இணைப்புக்கு அத்தை முதல்ல ஒத்துக்கல. ஐயா சொன்ன அதே வார்த்தை: "ஊர் என்ன பேசும்." வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம்னு கொழுந்தனார் காகிதத்துல எழுதிக் காட்டினதும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சாங்க. வீடு இன்னும் மாமா பேர்லதான் இருக்கு, அவர் தவறி ஆறு வருஷம் ஆச்சு. முதல்ல மீட்டரை அத்தை பேருக்கு மாத்தணுமா, இல்ல நேரா மாடிக்கு விண்ணப்பிக்கலாமா?

---

பழைய கணக்கீட்டாளர்

முதலில் பெயர் மாற்றம், அம்மா. இறந்தவர் பெயரில் இருக்கும் இணைப்பை வைத்துக்கொண்டு புது இணைப்புக் கேட்டால் அங்கேயே கேள்வி வரும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வீட்டு வரி ரசீது மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, வேறு என்ன வேண்டும் என்று பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், கையெழுத்துக்கு அவர்தான் வேண்டும்.

---

வயர்மேன் தம்பி

புது மீட்டர் மாட்டுற அன்னைக்கு ரெண்டு மீட்டர் ரீடிங்கையும் போன்ல படம் எடுத்து வெச்சுக்கோங்க அக்கா. அப்புறம், மாடி லைன் முழுசாப் பிரிஞ்சிருக்கான்னு பாக்கணும். கீழ மெயினை இறக்கிட்டு மாடிக்கு ஓடுங்க, அங்க ஒரு லைட்கூட எரியக்கூடாது. பழைய வீட்டுல மாடிப்படி லைட்டும் தண்ணி மோட்டாரும் யார் பக்கம் போகுதுன்னு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது.

---

உறையூர் மருமகள்

மோட்டாரா? அதை மறந்தே போயிட்டோமே. ஒரு குதிரைசக்தி மோட்டார், மாடித் தொட்டிக்குத்தான் ஏத்துது. ரெண்டு வீட்டுக்கும் அதே தண்ணி.

மாடிக்கு இன்னும் சொல்லல. முதல்ல சொருகுற மீட்டர்ல சொருகலாமான்னு சொல்லுங்க.

---

வயர்மேன் தம்பி

ஐயோ வேணாம், கிளம்புறப்ப இழுக்கிற இழுவையில அது புகைஞ்சிரும். எல்லாத்தையும் அணைச்சுட்டு மீட்டர் விளக்கை எண்ணுங்க. மோட்டார் ஒரே சீரா ஓடும், ஒரு நிமிஷம் எண்ணினா போதும்.